மூடு பல்லக்கில் ஒரு மணவாழ்க்கை: வாசகர் கேள்வி – பதில்

(இந்த முறை டெல்டா வாசகர்கள் ஒரே குரலில் சினிமாவையும் ராணிகளையும் பற்றியே கேட்டிருக்கிறார்கள். குறுவைக்குத் தண்ணீர் வந்துவிட்ட தெம்பு போலும்!)

வாசகி, திருவையாறு
கே: ‘பொன்னியின் செல்வன்’ போர்ப் படமா, காதல் படமா?
ப: ராஜா உடுப்புப் போட்ட குடும்பப் படம். அடுத்த அரசர் யார் என்று நாடே பேசிக்கொண்டிருக்க, பெரிய பழுவேட்டரையர் மாளிகையில் கணவர் ஒரு கணக்கிலும் மனைவி இன்னொரு கணக்கிலும் இருக்கிறார்கள். அந்த வீட்டில் மட்டும் ஒற்றுமை இருந்திருந்தால், 2022 செப்டம்பரில் வந்த முதல் பாகத்திலேயே ‘சுபம்’ போட்டிருக்கலாம். 2023 ஏப்ரல் வரை நம்மைக் காக்க வைத்தது சோழர்களின் பகைவர்கள் அல்ல, அந்தத் தம்பதிதான்.

வாசகர், மன்னார்குடி
கே: 64 விழுப்புண் பட்ட வீரர், மனைவி எதிரில் மட்டும் ஏன் அப்படி அசடு வழிகிறார்?
ப: போர்க்களத்தில் எதிரி எந்தப் பக்கம் நிற்கிறான் என்றாவது தெரியும். சோழ நாட்டின் தனாதிகாரி அவர். வரிக் கணக்கில் ஒரு காசு உதைத்தாலும் கண்டுபிடிப்பார். மனைவி நந்தினி விரதம் என்று சொல்லித் தன்னை எட்டவே நிறுத்துவதை மட்டும் கேள்வி கேட்காமல் வரவு வைத்துக்கொள்கிறார். தம்பி எச்சரித்தால் தம்பி மேல்தான் கோபம். சரத்குமாரின் நடிப்பில் எனக்குப் பிடித்தது, அந்தக் கிழவரை யாரும் சிரிக்க முடியாதபடி வைத்திருந்தது.

வாசகி, கும்பகோணம்
கே: நந்தினி வில்லிதானே?
ப: அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சியும், அவள் கண்ணெதிரே பாண்டிய மன்னன் வீரபாண்டியன் தலையைக் கொய்தவன் அவளுடைய பழைய காதலன், சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன். பழிவாங்க அவளுக்கு ஒரு கோட்டை வேண்டும், அதிகாரம் வேண்டும், முத்திரை மோதிரம் வேண்டும். மூன்றும் ஒரே மாப்பிள்ளையிடம் இருந்தன. பழுவூர் அவளுக்குப் புகுந்த வீடில்லை, வேலைக்குச் சேர்ந்த இடம். வில்லி என்று ஒரே சொல்லில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

வாசகர், பாபநாசம்
கே: இளைய ராணியை மூடு பல்லக்கிலேயே அழைத்துப் போகிறாரே, பாசமா, சந்தேகமா?
ப: அரசியல். கடம்பூரில் திரை விலகியபோது உள்ளே இருந்தது, அரியணைக்கு ஆசைப்பட்ட மதுராந்தகன். ‘கிழவருக்கு மோகம் பாரேன்’ என்று ஊர் சிரித்தது. அந்தச் சிரிப்புதான் அவனை அரசனாக்கும் சதிக்குக் காவல். தன் மணவாழ்க்கை கேலிக்கு ஆளாவதைத் தெரிந்தே ஒரு மனிதர் பயன்படுத்திக்கொள்கிறார் என்றால், அந்த மணவாழ்க்கையில் வேறு என்ன மிச்சம்?

வாசகர், அரியலூர்
கே: எங்கள் பழுவூரில் நந்தினி வாழ்ந்த அடையாளம் ஏதாவது உண்டா?
ப: நந்தினி வாழ்ந்தது கல்கியின் பேனாவில். ஆனால் பழுவேட்டரையர்கள் நிஜம். மேலப்பழுவூர், கீழப்பழுவூர் கோயில்களுக்குப் போனால் கல்வெட்டில் சந்திக்கலாம். நிஜமான பழுவூர்ப் பெண் ஒருத்தியும் உண்டு: ராஜராஜனின் தேவியரில் ஒருவரான பஞ்சவன் மாதேவி. அவருக்குப் பட்டீஸ்வரத்துக்குப் பக்கத்தில் பள்ளிப்படைக் கோயில் எடுத்தவன் ராஜேந்திரன். பெற்ற பிள்ளையல்ல, சக்களத்தி மகன்! நம் தொலைக்காட்சித் தொடர்காரர்கள் இதை நம்பவே மாட்டார்கள்.

வாசகி, திருவாரூர்
கே: நிஜச் சோழ ராணிகள் கணவரோடு சந்தோஷமாக இருந்தார்களா?
ப: கல்வெட்டில் அந்தப் பத்தி கிடையாது. எத்தனை விளக்கு, எத்தனை ஆடு, எவ்வளவு பொன் என்றுதான் இருக்கும். உங்கள் கேள்விக்குப் பதிலாக மூன்று பேரைச் சொல்கிறேன். செம்பியன் மாதேவி, கணவர் கண்டராதித்தர் மறைந்த பிறகு நெடுங்காலம் வாழ்ந்து, செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றினார். ராஜராஜன் தஞ்சையில் கட்டினான் என்றால், பட்டத்தரசி லோகமாதேவி பக்கத்துத் திருவையாற்றில் தன் பெயரிலேயே கட்டினார். சுந்தர சோழரின் தேவி வானவன் மாதேவியோ, பால்குடி மறவாத பிள்ளையை விட்டுவிட்டுக் கணவரோடு தீயில் இறங்கினார் என்று திருக்கோவலூர்க் கல்வெட்டு புகழ்கிறது. அந்தப் பிள்ளையை யாரும் கேட்டு எழுதவில்லை.

வாசகர், திருபுவனம்
கே: நெசவாளி கேட்கிறேன். படத்தில் வந்த உடையெல்லாம் அந்தக் காலத்ததா?
ப: ஆடை வடிவமைப்பு ஏகா லக்கானி, அழகில் குறையில்லை. அசலைப் பார்க்க வேண்டுமென்றால், பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய சோழர் ஓவியங்கள். நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்தவற்றை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அதில் பெண்களுக்கு நகை ஏராளம், தையல்காரருக்கு வேலை சொற்பம். அப்படியே எடுத்திருந்தால் படத்தைத் தணிக்கைக் குழு மட்டும்தான் பார்த்திருக்கும்.

வாசகர், கல்லணை
கே: பொன்னியின் பெயர் வைத்துவிட்டு ஓர்ச்சாவிலும் தாய்லாந்திலும் எடுத்தது நியாயமா?
ப: மின்கம்பியும் கைபேசிக் கோபுரமும் தெரியாத ஒரு நாலு ஏக்கர் வயலை உங்கள் பக்கம் காட்டுங்கள். இயக்குநர் மணிரத்னத்திடம் நானே சண்டை போடுகிறேன்.

வாசகர், திருத்துறைப்பூண்டி
கே: பழைய தமிழ்ப் படங்களில் இப்படி ஒரு பொருந்தா அரண்மனைக் கல்யாணம் உண்டா?
ப: உங்கள் அடுத்த ஊர்க்காரர் எழுதியதே உண்டு. திருக்குவளை மு. கருணாநிதியின் வசனத்தில் 1950இல் வந்த ‘மந்திரி குமாரி’. குண்டலகேசி கதைதான் அடிப்படை. கொள்ளைக்காரக் கணவன் மலையுச்சிக்கு அழைத்துப்போய்த் தள்ளப் பார்க்க, அமுதவல்லி முந்திக்கொண்டு அவனைத் தள்ளிவிடுகிறாள். சென்னை மாகாணத்தில் இந்துப் பெண்களுக்கு விவாகரத்துக்கு வழி செய்த சட்டம் 1949இல்தான் வந்தது. அமுதவல்லிக்கு அது எட்டவில்லை, மலையுச்சி எட்டியது.

வாசகி, நீடாமங்கலம்
கே: பழுவேட்டரையர் மாதிரிக் கல்யாணமெல்லாம் அரண்மனையோடு ஒழிந்ததா?
ப: எங்கே ஒழிந்தது? நம் ஊர்களில் மாப்பிள்ளைக்கு எத்தனை வயது என்பதற்கு முன் எத்தனை வேலி நிலம் என்று விசாரித்த காலம் ரொம்ப தூரத்தில் இல்லை. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ 1995இல் ஞான ராஜசேகரன் இயக்கத்தில் படமானது. அதில் கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட தங்கம்மாவைப் பாருங்கள். நந்தினிக்காவது கையில் கத்தி இருந்தது. இவளுக்கு உயிரை விடுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

வாசகர், தஞ்சாவூர்
கே: நீங்கள் தயாரிப்பாளரானால் எந்த ராணி கதையை எடுப்பீர்கள்?
ப: காமாட்சி பாய். தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கம்பெனிக்காரர்கள் அரசோடு அரண்மனையின் சொந்தச் சொத்தையும் சேர்த்து அள்ளினார்கள். மூத்த ராணி காமாட்சி பாய் அழுதுகொண்டு உட்காராமல் வழக்குப் போட்டார். சென்னையில் ஜெயித்தார், ஆனால் 1859இல் லண்டன் பிரிவி கவுன்சில், இது அரசின் செயல், நீதிமன்றம் தலையிட முடியாது என்று தீர்ப்பைப் புரட்டியது. பிறகு அரசாங்கமே சொத்தைத் திருப்பித் தந்தது. உடனே ராணிகளுக்குள் தகராறு! ஜீஜாம்பா பாய் காமாட்சி பாய் மேல் தொடுத்த வழக்கில் 1868இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இந்துச் சட்ட நூல்களில் இடம் பிடித்திருக்கிறது. ஒரு கணவர், பல மனைவியர், ஒரு வெள்ளைக்கார வில்லன், இரண்டு வழக்கு. யானை வேண்டாம், போர் வேண்டாம், தாய்லாந்துக்கு டிக்கெட்டும் வேண்டாம். அரண்மனை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. பணம் வைத்திருக்கும் வாசகர் யாராவது இருந்தால் உடனே எழுதுங்கள்.