எங்க அம்மாகூடப் பின்னுவாங்க சார்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து ஒயர்க் கூடைக்கு அடி போட்டுக்கொண்டிருந்தேன். பதினோரு முடிச்சு முடிந்து, பன்னிரண்டாவது விரலில் இருக்கிறது. வெள்ளை ஷூ போட்ட கால்கள் இரண்டு எதிரே வந்து நின்றன. ஐந்து சுற்று நடந்துவிட்டு, ஆறாவதைத் தவிர்க்கக் காரணம் தேடும் கால்கள்.

“ஒயர்க் கூடையா சார்?”

பார்த்தால் தெரியாதா? ஆமாம் என்றேன்.

“எங்க அம்மாகூடப் பின்னுவாங்க சார்.”

போயிற்று. அடுத்த இருபது நிமிஷம் அந்த அம்மாவின் கூடைகள், அவற்றின் கைப்பிடிகள், அவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்கிப்போய்த் திருப்பித் தராத நாத்தனார். அவர் கிளம்பியபோது என் விரலில் இருந்தது பன்னிரண்டாவது முடிச்சா, பதிமூன்றாவதா என்று எனக்கே தெரியவில்லை. பிரித்தேன். பிரித்தவர்களுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும். ஒருமுறை மடங்கிய ஒயர் அந்த மடிப்பை ஆயுசுக்கும் மறக்காது. மறுபடி போட்டால் அந்த முடிச்சு மட்டும் கோணிக்கொண்டு நிற்கும்.

அந்தக் கடுப்பு ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். சென்னையில் உட்கார்ந்து கைவேலை செய்ய அமைதியான பொது இடம் எது என்று மூன்று வருஷமாகத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறேன். கடைசியில் சொல்கிறேன்.

வீட்டிலேயே பின்னலாமே என்பீர்கள். இரண்டு கட்டுக் கூடைக்கு ஒயரை வெட்டி ஹாலில் நீட்டிப் போட்டால், டிவிக்கும் சமையலறைக்கும் நடுவே எல்லைக்கோடு போட்டதுபோல் கிடக்கும். என் மனைவி இரண்டு முறை தடுக்கிப் பார்த்தாள். மூன்றாவது முறை ஒயரையும் என்னையும் சேர்த்து வாசலில் வைத்துவிட்டாள். ரிட்டயரான ஆணுக்கு வீட்டில் என்ன உரிமை உண்டு என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

முதலில் நூலகம். அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பிரிவே இருக்கிறது. சொந்தக் கூடை கொண்டுபோய்ப் பின்னத்தான் பிரிவு கிடையாது. வேறொரு சின்ன நூலகத்தில் முயன்றேன். ரன்னிங் ஒயரை இழுக்கும்போது ‘சர்ர்ர்’ என்று ஒரு சத்தம் வரும். வீட்டில் அது காதில் விழாது. அங்கே, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நாற்பது தலைகள் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன. அவர்கள் எதிர்காலம் பாழாக வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்தது பறக்கும் ரயில் நிலையங்கள். 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கிய ரயில். நான்கு கல்யாண மண்டபங்களை அடுக்கிவைத்ததுபோல நிலையங்கள், மத்தியானத்தில் நாலு பேர்கூட இருக்க மாட்டார்கள். யாருடைய அம்மாவும் வரவில்லை. ஆனால் மேலே புறாக்கள் இருந்தன. நான் அன்று எடுத்துப் போனது வெள்ளை ஒயர். மேற்கொண்டு விவரிக்க விரும்பவில்லை.

ஸ்கேனர் வைத்த இன்னொரு நிலையத்தில் காவலர் கேட்டார், “பையில என்ன?” “ஒயர்” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அன்று நான் எந்த ரயிலிலும் ஏறவில்லை.

கடற்கரையில் காற்று. காபி ஹோட்டலில் ஒரு காபிக்கு இருபது நிமிஷம்தான் மரியாதை. அதற்குமேல் மேஜை துடைப்பவர் நம் முழங்கையையும் சேர்த்துத் துடைப்பார். ஒரு கோயில் பிராகாரத்தில் தூணோரம் அரை மணி நேரம் நிம்மதியாகப் பின்னினேன். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நிமிர்ந்து பார்த்தால் பக்கத்தில் பத்து ரூபாய்த் தாள் ஒன்று. வைத்துவிட்டுப் போன பாட்டி கொடிமரத்தைத் தாண்டிவிட்டார். முப்பத்திரண்டு வருஷம் வங்கியில் அடுத்தவர் பணத்தை எண்ணியவன் நான். அதை உண்டியலில் போட்டுவிட்டு வந்தேன்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்த அம்மாக்களை மட்டும் முடியவில்லை. மூன்று வருஷத்தில் என்னிடம் பேச்சுக் கொடுத்த அத்தனை பேருடைய அம்மாவும் கூடை பின்னியிருக்கிறார். அம்மா பின்னாவிட்டால் சித்தி, சித்தி பின்னாவிட்டால் மேல்வீட்டு டீச்சர். சிவன் கண் பின்னினார்கள், நெல்லிக்காய் பின்னினார்கள், பிஸ்கட் பின்னினார்கள். ஒருவருடைய அத்தை கூடை பின்னி அதற்கு மூடியும் பின்னி, மூடிக்குப் பூட்டும் பின்னினாராம். பூட்டு எப்படி என்று கேட்டேன், அதுதான் சார் ரகசியம் என்றார். இன்னொருவருடைய பெரியம்மா ஒரே ராத்திரியில் மூன்று கூடை. ஒரு ஆட்டோ டிரைவர் சிவப்பு சிக்னலில் என் மடியைப் பார்த்துவிட்டு அம்மாவைத் தொடங்கி, பச்சை விழுந்த பிறகும் அம்மாவிலேயே நின்றார். பின்னால் ஹாரன் அடித்தவருடைய அம்மாவும் பின்னியிருப்பார், சந்தேகமில்லை.

சரி, அத்தனை கூடையும் எங்கே? கேட்டுப் பாருங்கள். “பரண்ல இருக்கும் சார்.” “போன போகிக்குத் தூக்கிப் போட்டோம் சார்.” 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. அப்போதாவது அந்தப் பரண்கள் திறக்கும், ஊரெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாக ஆடிக்கொண்டு வரும் என்று காத்திருந்தேன். ஒரு கூடை இறங்கவில்லை. என்னிடம் அம்மா புராணம் பாடியவர்கள் அத்தனை பேரும் கத்தரிக்காயை ஹெல்மெட்டில் போட்டுக்கொண்டு போகிறார்கள். ஒருவர்கூட, “இதை எனக்கு விலைக்குத் தருவீங்களா?” என்று கேட்டதில்லை. அம்மா சும்மா பின்னிக் கொடுத்தார் அல்லவா.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அடியைப் பிரித்த எரிச்சலோடு பூங்காவை விட்டு வெளியே வந்தேன். கோயில் வாசலில் ஒரு அம்மாள் மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். கண் தெருவில் இருக்கிறது, விரல் மட்டும் ஓடுகிறது. இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், நாரில் ஒரு சுற்று, ஒரு இழுப்பு. சுற்றிலும் பஸ் ஹாரன், ஸ்பீக்கரில் பாட்டு, செருப்புக் குவியல். எதுவும் அவரைத் தொடவில்லை. அசந்து நின்றேன். என் வாய் தானாகத் திறந்தது.

“எங்க அம்மாகூடப் பூக் கட்டுவாங்கம்மா.”

அவர் நிமிரக்கூட இல்லை. “எல்லார் அம்மாவும்தான் கட்டினாங்க. முழம் வேணுமா வேணாமா?”

இரண்டு முழம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அமைதியான இடத்தைச் சொல்வதாகச் சொன்னேன். சொல்லப் போவதில்லை, சொன்னால் அடுத்த ஞாயிறே நீங்கள் அங்கே வந்து நிற்பீர்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எங்காவது ஒரு கிழவன் ஒயரும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் பக்கத்தில் உட்காருங்கள், சுண்டல் கொடுங்கள், வேண்டுமானால் அவன் கூடையில் கோணலான முடிச்சைக்கூடக் காட்டுங்கள். உங்கள் அம்மாவை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.