நூற்றிருபத்து மூன்று ஆண்டுத் தாமதம்

பெயரில் வட்டத்தையும் உருவத்தில் செவ்வகத்தையும் வைத்துக்கொண்டு, ஏறத்தாழ மூன்றரை ஏக்கர் நிலத்தைக் கருங்கல் மதிலால் வளைத்துக் கடலைப் பார்த்து நிற்கும் வட்டக்கோட்டையின் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவனாகையால், பெயருக்கும் பொருளுக்கும் சம்பந்தம் இருந்தாக வேண்டும் என்ற மூடநம்பிக்கை என்னைவிட்டுச் சிறு பிராயத்திலேயே அகன்றுவிட்டது. ஆகவே, பெரம்பூர் ரயில் அருங்காட்சியகத்துக்குப் பேரனை அழைத்துப் போகவேண்டும் என்று மகள் பிரஸ்தாபித்தபோது, ஓடுவதற்கென்றே பிறந்த ரயில்கள் அங்கே ஓடாமல் நிற்பதில் எனக்கு யாதொரு முரண்பாடும் தோன்றவில்லை.

தோன்றியது என் சம்சாரத்துக்கு.

"ரயிலைப் பாக்கதுக்கு ரயில்லயே ஒரு ராத்திரி போணுமாக்கும்? நாகர்கோவில்ல பிளாட்பாரம் டிக்கெட்டு எடுத்தா தீந்துதே!"

இந்தத் தர்க்கத்துக்கு மறுமொழி அகப்படாத நான் சரித்திரத்தைத் துணைக்கு அழைத்தேன். தென்னாட்டின் முதல் பிரயாணி ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது 1856-இல். நாஞ்சில் நாட்டை ரயில் எட்டிப்பார்த்ததோ 1979-இல், அதுவும் திருவனந்தபுரத்துப் பக்கமிருந்து. திருநெல்வேலி வழி திறக்க 1981 ஆயிற்று. ரயில் அரைமணி பிந்தினால் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதிக்கிற வெளியூர்க்காரர்கள், 123 வருஷம் முணுமுணுக்காமல் காத்திருந்த எங்கள் பொறுமையை எண்ணிப் பார்க்க வேண்டும். என் தகப்பனார் ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டித் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரே ஒருமுறை எஞ்சினைப் பார்த்துவிட்டு வந்து, அதைப் பத்து வருஷம் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஓட்டினார்.

பெரம்பூரில், 1955-இல் நேரு திறந்துவைத்த ரயில்பெட்டித் தொழிற்சாலையை ஒட்டி, 2002 முதல் இந்த அருங்காட்சியகம் நடந்து வருகிறது. பழைய நீராவி எஞ்சின் ஒன்றின் நிழலில் முந்திரிக்கொத்து டின்னைத் திறந்து சம்சாரம் அமர்ந்துவிட, நெருப்பின் சூடு குழாய்கள் வழியே பாய்ந்து, கொதிகலனின் தண்ணீர் ஆவியாகி, அந்த ஆவி பிஸ்டனைத் தள்ளி, பிஸ்டன் தண்டை இழுத்து, தண்டு சக்கரத்தைச் சுழற்றும் வைபவத்தை, கைகளையே தண்டுகளாக ஆட்டி நான் பேரனுக்கு விஸ்தரித்துக்கொண்டிருந்தேன். சக்கரம் சுழலத் தொடங்கிய கட்டத்தில் திரும்பிப் பார்த்தால் பேரன் இல்லை. யாரோ இரண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்னையும் காட்சிப்பொருளாகப் பாவித்து வாய்பிளந்து நின்றார்கள்.

"வெந்நீர்ப் பானைக்குச் சக்கரம் வெச்சிருக்கான், இதுக்குப் போய் இவ்வளவு பாடா?" என்றாள் சம்சாரம். கால்மணி நேரப் பிரசங்கத்தில் எனக்குச் சித்திக்காத தெளிவு அது.

பேரன் குழந்தைகளுக்கான சிறு ரயிலில் ஏறியிருந்தான். தனியாக விடக்கூடாதென்று உடன் ஏறிய சம்சாரம் முதல் சுற்றில் கம்பியைப் பற்றிக்கொண்டிருந்தாள், இரண்டாவதில் சிரித்தாள், மூன்றாவதற்குப் பேரன் இறங்கிவிட்ட பிறகும் தனியாக டிக்கெட் வாங்கிக்கொண்டு, என்னைக் கடந்து போகையில் கையை நீட்டிக் கூவினாள்:

"இதுல்லா வட்டம்! நம்ம ஊருக் கோட்டையக் கட்டினவன் இதை வந்து பாக்கணும்!"