எங்கள் டிவியை எட்டிப் பார்க்க விரும்பும் பெரியோருக்கு

பெறுநர்: தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், சாஸ்திரி பவன், புது தில்லி.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

நாங்கள் என்ன பார்க்கிறோம் என்று இவ்வளவு அக்கறையாக விசாரிக்கும் ஆள் எங்கள் சொந்தபந்தத்தில்கூடக் கிடையாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமனதாகச் சொன்னார்கள். எட்டே மாதத்தில், புது செட்டாப் பாக்ஸ்களில் நாங்கள் பார்ப்பதைக் குறித்துக்கொள்ளும் சிப் வைக்கலாமே என்று ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய்க்கு யோசனை சொன்னீர்கள். அரசு விளம்பரப் பணம் வீணாகாதாம். பார்வையாளர் கணக்கில் தூர்தர்ஷனுக்குக் குறைந்துபோன மார்க்கும் சரியாகுமாம். பெட்டியிலிருந்து திரும்பி வரும் தகவலை ஆராய 2022 ஜனவரியில் குழுவும் போட்டீர்கள். தலைவர் யார்? தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியின் தலைமை அதிகாரி. மார்க் குறைந்த பையனின் அப்பாவே விடைத்தாள் திருத்த உட்கார்ந்த மாதிரி.

எங்கள் வீட்டு டிவி, கலைஞர் ஆட்சியில் கிடைத்தது, தட்டினால் ஓடும். செட்டாப் பாக்ஸ் எடப்பாடி ஆட்சியில் அரசு கேபிள் தந்தது. கண் ஒன்றுதான் பாக்கி. அது உங்கள் பங்கு.

கணக்கெடுப்பவர் கவனத்துக்கு: ஒன்பது மணி சீரியலை என் மாமியார் பார்ப்பார். பத்து நிமிஷத்தில் தூங்கிவிடுவார். ரிமோட்டைத் தொட்டால் மட்டும் "பாத்துட்டுத்தானே இருக்கேன்" என்று குரல் வரும். விளம்பரத்தைக்கூட விடாமல் பார்க்கும் உத்தமி என்று உங்கள் சிப் எழுதிக்கொள்ளட்டும். ஆளுங்கட்சியை வறுத்தெடுக்கும் விவாதங்களோ, பக்கத்து வீட்டு அண்ணன் வந்து வைப்பவை. பிற்காலத்தில் யாராவது பட்டியலோடு வந்தால் அவர் வீட்டுக் கதவைத் தட்டவும்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. குழு போட்ட அதே ஜனவரியில்தான் மலையாள மீடியா ஒன் சேனலின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தீர்கள். ஏன் என்று சேனலுக்கே சொல்லவில்லை. காரணம் சீலிட்ட உறையில் நீதிமன்றத்துக்குப் போனது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. நாங்கள் பார்ப்பது உங்களுக்குத் திறந்த புத்தகமாக இருக்க வேண்டும். நீங்கள் நிறுத்துவது மட்டும் உறைக்குள். நல்ல பாகப்பிரிவினை!

எங்களுக்கும் ஓர் உறை கொடுங்கள். பார்த்ததையெல்லாம் எழுதி, அரக்கு வைத்து அனுப்புகிறோம். திறக்க வேண்டுமானால் காரணத்தை எழுதி எங்களிடம் விண்ணப்பியுங்கள். மாமியார் விழித்திருக்கும்போது பரிசீலிப்பார்.

இப்படிக்கு,
அரசு கேபிள் சந்தாதாரர்

பி.கு.: சிப்புக்கு மாத வாடகை உண்டா? ஜிஎஸ்டி அதிலேயே சேர்த்தியா, தனியா?