நந்தி தின்னாத புல்லு

அன்புள்ள மாமாவுக்கு,

மாமி போன்ல கேட்ட கேள்விக்கு முதல்ல மறுமொழி சொல்லிடுறன். ஓம், நான் அவுஸ்திரேலியாவுக்கு வந்து புல்லுத்தான் வெட்டுறன். ஆனா குனிஞ்சு நிண்டு இல்ல, மெசின்ல ஏறி இருந்து வெட்டுறன். ஊருக்குள்ள கதைக்கக்குள்ள இந்த ரெண்டாவது வசனத்தையும் சேத்துச் சொல்லச் சொல்லுங்க.

அதென்ன மெசின் எண்டு கேப்பீங்க. லான்ட்மாஸ்டரை விடச் சின்னன். நாலு சில்லு, ஒரு ஆசனம், வயித்துக்குக் கீழ சுத்துற கத்தி. உழவும் தெரியா, பெட்டி இழுக்கவும் தெரியா. புல்லு வெட்ட மட்டுந்தான் பிறந்தது. இஞ்ச சனம் புல்லுக்குத் தண்ணி ஊத்தி, உரம் போட்டு வளக்கும். மறுகா பெற்றோல் செலவழிச்சு வெட்டும். வெட்டினதைத் தொட்டியில அடைச்சு வீதியில வைக்க, நகரசபை லொறி வந்து அள்ளிட்டுப் போகும். இவ்வளவுக்கும் நடுவில ஒரு மாடு இல்ல! மயிலத்தமடு, மாதவணையில மேய்ச்சல் தரை கேட்டு நம்மட பண்ணைக்காரர் 2023ல வீதியில குந்தினாங்க. இஞ்ச ரெண்டு ஏக்கர் புல்லு, தின்ன ஆளில்லாம நிக்கிது. கொக்கட்டிச்சோலைக் கோயில்ல பறங்கித் துரைக்கு முன்னால கல்நந்தி எழும்பிப் புல்லுத் திண்ட கதையை அம்மம்மா சொல்லுவாவே, அந்த நந்தியை ஒரு மாசத்துக்கு இரவலாத் தந்தா எனக்கு இந்தக் கடிதம் எழுதுற வேலையே இல்ல.

நான் இருக்கிறது மெல்பேனுக்கு வடக்க, கிங்லேக் மலையடிவாரத்தில. புல்லு வெட்டுறது இந்தப் பக்கத்தில வடிவுக்கு மட்டுமில்ல மாமா. 2009 மாசி 7ஆம் திகதி, சனிக்கிழமை, விக்டோரியா மாநிலத்தில பத்தின காட்டுத்தீயில 173 பேர் செத்தாங்க. இந்த மலைப்பக்கத்தில அதில செத்த சனம் கனபேர். அந்த நாளைக் கறுப்புச் சனி எண்டு இண்டைக்கும் சொல்றாங்க. காஞ்ச புல்லு ஒரு அடி உயரத்துக்கு நிண்டா நெருப்பு வீட்டு வாசல் வரைக்கும் ஓடி வரும். அதால கோடை பிறக்க முந்தி நகரசபைக் கடிதம் வரும்: 10 சென்ரிமீற்றருக்கு மேல புல்லு நிக்கக்கூடாது, நிண்டா தண்டம். தண்டம் எவ்வளவெண்டு கேக்காதீங்க. நான் அதை ரூபாவில பெருக்கிப் பாத்திட்டு அண்டைக்கு ராவு சாப்பிடல்ல.

வீட்டுக்காரக் கிழவர் நல்ல மனுசன். "புல்லை நீயே வெட்டினா வாடகையில குறைக்கிறன்" எண்டார். வெட்டுறதுக்கு ஒரு மெசினும் காட்டினார். கொட்டிலுக்குள்ள, சாக்குக்குக் கீழ, எலி கூடு கட்டி, சிலந்தி வலை பின்னிக் கிடந்தது. இஞ்சத்தச் சிலந்தியில ஒண்டுக்கு முதுகில சிவப்புக் கோடு, கடிச்சா ஆஸ்பத்திரி. நம்மட ஊரில கொட்டிலுக்குள்ள பாம்புக்குப் பயந்து தடி கொண்டு போவம். இஞ்ச சிலந்திக்குப் பயந்து தடி கொண்டு போனன். நாடு முன்னேறினா பயமும் சின்னனாகும் போல.

எஞ்சின் பிரிக்ஸ் அன்ட் ஸ்ட்ராட்டன். அமெரிக்காவில மில்வாக்கியில 1908ல தொடங்கின கம்பனி. ஒத்தைச் சிலிண்டர், 11 குதிரை வலு. மூடித் தகட்டில நம்பர் குத்தியிருக்கு. அதை வாசிக்கத் தெரிஞ்சா சாதகமே எழுதலாம். மொடல் நம்பர்ல முதல் ரெண்டு இலக்கம் 25. அப்பிடியெண்டா 25 கன அங்குலத்துக்குக் கிட்ட, நம்மட கணக்கில 400 சிசி. கோட் எண்டு போட்ட வரியில முதல் ஆறு இலக்கமும் வருசம், மாசம், திகதி: 80, 04, 16. 1980 சித்திரை, கைவிசேசம் குடுத்து முடிஞ்ச கையோட பிறந்த பிள்ளை. நம்மட ஊரில பாதிப் பேருக்குப் பிறந்த திகதி சரியாத் தெரியா, பதிவில ஒண்டு, பள்ளிக்கூடத்தில ஒண்டு. புல்லு வெட்டுற மெசினுக்கு இவ்வளவு துப்பரவாக் குத்தி வச்சிருக்காங்க.

கடைக்குச் சாமான் கேட்டுப் போனன். கடைப் பெடியன் நம்பரைக் கம்பியூட்டர்ல அடிச்சான், உதட்டைப் பிதுக்கினான். "இது இப்ப வாறல்ல" எண்டான். மெசின் பிறந்து இருவது வருசத்துக்குப் பிறகு பிறந்த பெடியன், அவனைக் குறை சொல்லி என்ன? பிறகு புது மெசின் படம் காட்டினான், விலையையும் காட்டினான். நான் கும்பிட்டுட்டு வந்திட்டன்.

அண்டைக்கு ராவு எனக்கு உங்கட கொட்டில்தான் நினைவு. அந்த நாளையில வலையிறவுப் பாலம் தாண்டினா தார் முடியும், ஒயில் மணக்கத் தொடங்கும். பெற்றோலும் பற்றரியும் சோதனைச்சாவடி தாண்டாத அந்தச் சண்டைக் காலத்தில படுவான்கரைப் பம்பெல்லாம் உங்கட கொட்டிலுக்குத்தான் வந்தது. யாழ்ப்பாணத்தில கார்க்காரர் காபரேட்டருக்குள்ள நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெயில ஓடினாங்க. அந்தக் கதையை வீட்டுக்காரக் கிழவருக்குச் சொன்னன். நான் பகிடி விடுறன் எண்டு நினைச்சுச் சிரிச்சார்.

நீங்க சொல்லித் தந்த வரிசையிலதான் போனன்: முதல்ல நெருப்பு, மறுகா எண்ணெய், கடைசியாக் காத்து. பிளக்கைக் கழட்டி எஞ்சின் பொடியில முட்ட வச்சு இழுத்தன், பொறி இல்ல. 1982ல இந்தக் கம்பனி பொயின்ட் இல்லாத இலத்திரனியல் முறைக்கு மாறினது, இது அதுக்கு மூத்த எஞ்சின். அதால பறக்கும்சில்லுக்குக் கீழ பொயின்ட் ஒளிஞ்சிருக்கு. சில்லைக் கழட்டினாச் சாவிக்கட்டை பாதி அறுந்து கிடக்கு. முந்தி ஆரோ நட்டை ஒழுங்கா இறுக்கல்ல. அந்தச் சாவி வேணுமெண்டே மெத்தின உலோகத்தில செய்யிறது. அடி விழுந்தா அது அறும், கிராங்க் தப்பும். அது மட்டும் கடையில நாலைஞ்சு டொலருக்குக் கிடைச்சது. ஆணியை அரத்தால உரஞ்சி இரும்புச் சாவி போடுறவனை நீங்க எப்பிடி ஏசுவீங்க எண்டு எனக்குத் தெரியும். அதால கைக்கு அரமிருந்தும் நான் அதைத் தொடல்ல.

பொயின்டைப் பொடி அரத்தாள் போட்டுத் துடைச்சு அரை மில்லிமீற்றர் விட்டன். கொயிலுக்கும் காந்தத்துக்கும் இடைவெளி அதிலயும் குறைவு, கிட்டத்தட்ட கால் மில்லிமீற்றர். நீங்க கலியாணக் காட்டை வச்சு அளப்பீங்க. எனக்கு இஞ்ச ஆர் கலியாணம் சொல்லப்போறாங்க? காணி விக்கிற ஏஜென்ட் ஒராள் கிழமைக்கொரு முறை தன்ட படம் போட்ட அட்டையைத் தபால் பெட்டிக்குள்ள போடுவார். அவர்ட சிரிச்ச முகத்தைக் காந்தத்துக்கும் கொயிலுக்கும் நடுவில வச்சு இறுக்கி, இழுத்தெடுத்தன். பொறி நீலமா வந்தது. அந்த மனுசன் இந்தப் பக்கத்தில செய்த முதல் உபகாரம் அதுதான்.

எண்ணெய்ப் பக்கத்தில, காபரேட்டர் பேக்கிங்குக்குக் காலைச் சாப்பாட்டுப் பெட்டி அட்டை. பேக்கிங் கடுதாசி வாங்கலாந்தான், ஆனா கையில பெட்டி கிடக்கக்குள்ள காசு குடுத்து வாங்க மனசு வராது.

காத்துக்கு வந்தாத்தான் கூத்து. நீங்க பிளக் ஓட்டையில பெருவிரல் வச்சுப் பாப்பீங்கதானே, இந்த எஞ்சின் அந்த விரலை ஏமாத்தும். இலகுவா ஸ்டார்ட் வாறதுக்காகக் கேம்ல ஒரு மேடு வச்சு, மெதுவாச் சுத்தக்குள்ள வால்வைக் கொஞ்சம் திறந்து விடுறானுகள். நல்ல எஞ்சினே செத்த எஞ்சின் மாதிரித் தெரியும். சில்லை எதிர்ப்பக்கமாக் கிறுக்கிச் சுண்டி விடணும். துள்ளித் திரும்பி வந்தா அமுக்கம் இருக்கு. என்டது துள்ளல்ல. ஹெட்டைக் கழட்டினன், பேக்கிங் ஒரு பக்கம் எரிஞ்சு வாய்க்கால் வெட்டிக் கிடந்தது. அந்தப் பேக்கிங்கும் பெடியன் உதட்டைப் பிதுக்கின சாமான்தான்.

அட்டை இந்த இடத்தில நிக்காது. மாமியின்ட செப்புக் குடத்தை நினைச்சன். அந்தக் காலத்தில போடியாரின்ட பம்புக்காக நீங்க அந்தக் குடத்தின்ட அடியை வெட்டினதும், மாமி மூண்டு நாள் கதைக்காம இருந்ததும், வெள்ளாமை தப்பினதும் எனக்கு ஞாபகம். இஞ்ச என்னட்டக் குடமில்ல. ஆனா குப்பைமேட்டில நகரசபை ஒரு கடை வச்சிருக்கு, சனம் எறிஞ்ச சாமானை அங்க திருப்பி விக்கும். அதுக்குள்ள பழைய சுடுதண்ணித் தாங்கி ஒண்டு, உள்ள முழுக்கச் செம்பு. ஒரு துண்டு வெட்டி, ஹெட்டை வச்சுக் கோடு கீறி, ஓட்டை போட்டு, சிவக்கக் காய்ச்சித் தண்ணியில போட்டன். உருக்கெண்டா இறுகும், செம்பு மெத்தும். இதுவும் நீங்க சொன்னதுதான். ஹெட்டைக் கண்ணாடித் தட்டில அரத்தாள் ஒட்டி உரஞ்சி மட்டப்படுத்தி, போல்டுகளை எதிரும் புதிருமாக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கினன்.

வந்து பாத்த கிழவர் தாடியைத் தடவிக்கொண்டு ஒரு கதை சொன்னார். சிட்னியில மேர்வின் விக்டர் ரிச்சார்ட்சன் எண்டவர் 1952ல கழிவுச் சாமானால ஒரு புல்லு மெசின் செய்தவராம். பெற்றோல் தாங்கி, பீச் பழம் வந்த தகர டின். விக்டா எண்டு அவர்ட பேரிலயே கம்பனி வளந்து, இந்த நாட்டில வீட்டுக்கு வீடு அந்த மெசின். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில கூடப் புல்லு மெசினுகளைத் தள்ளிக்கொண்டு வந்து ஆடினாங்களாம். ஒலிம்பிக்ல புல்லு மெசினுக்கு ஆட்டம் வச்ச நாட்டில ஒரு பேக்கிங் துண்டில்லை எண்டு சொல்ல அந்தப் பெடியனுக்கு எப்பிடி வாய் வந்ததோ தெரியல்ல.

மூண்டாம் இழுவையில பத்திச்சு. கிழவர் தொப்பியைக் கழட்டினார். பக்கத்து வளவுக்காரன் வேலிக்கு மேலால எட்டிப் பாத்து, தன்ட கொட்டிலுக்குள்ளயும் ஒண்டு கிடக்கெண்டான். அதுக்குப் பிறகு அவன்ட மச்சினன். இப்ப சனிக்கிழமையில என்ட வாசல்ல மூண்டு மெசின் நிக்கிது. மாமிக்குச் சொல்லுங்க, புல்லு வெட்டுறவன் எண்ட பேரும் மாறப்போகுது.

இனித்தான் காரியம். எஞ்சின் ஓடுது, ஆனா நீலப் புகை அடிக்கிது. ரிங் தேஞ்சு போச்சு. செம்பில ரிங் செய்யேலாது, அது வார்ப்பிரும்பு. இதுக்கும் உதட்டைப் பிதுக்கிட்டானுகள். சிலிண்டர் விட்டம் 3 அங்குலமும் 16ல 7 பங்கும், 87.3 மில்லிமீற்றர். உங்கட தகரப் பெட்டிக்குள்ள கிடக்கிற பழைய பம்பு, லான்ட்மாஸ்டர் ரிங்குகளை மச்சான வச்சு வேனியரால அளக்கச் சொல்லுங்க. கொஞ்சம் பெரிசாயிருந்தாலும் காரியமில்ல, வாய் உரஞ்சிப் போடலாம். அகலமும் எழுதணும், மூண்டு ரிங் வேணும். போன்ல சொல்ல வேணாம், உங்கட பக்கத்தில பம்பு ஓடுற சத்தத்தில எட்டும் ஏழும் ஒண்டாத்தான் கேக்குது. எழுதிப் படமெடுத்து வாட்ஸ்அப்பில போடச் சொல்லுங்க.

அளவு சரிவந்தா ரிங்கைத் தனிப் பொட்டலமா அனுப்புங்க. மாமி கட்டாயம் அதோட கருவாடும் வைக்கப் பாப்பா, விடாதீங்க. இஞ்ச விமான நிலையத்தில நாய் நிக்கிது. பிடிபட்டா வாளைக் கருவாட்டுக்குள்ள மூண்டு இரும்பு வளையம் ஏன் வந்ததெண்டு நான்தான் விளக்கம் சொல்லணும்.

இப்படிக்கு,
உங்கட மருமகன்