நாலு கம்பி அண்ணாச்சி

கல்யாண வீட்டில் ரேடியோ செட் பாடிக்கொண்டிருக்கும். பந்தியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாரும் பாட்டை முணுமுணுப்பார்கள். ஒருவர் மட்டும் இலையைப் பார்த்தபடி, கழுத்தை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு, "தும்... தும்து தும்... தூம்" என்பார். அவர்தான் பேஸ் அண்ணாச்சி. என்ன பாட்டு என்று பக்கத்து இலைக்காரரால் கண்டுபிடிக்க முடியாது. கட்டின வீட்டுக்காரியாலும் முடியாது.

"பாடுததுதான் பாடுதிய, நல்ல பாட்டா ஒண்ணு பாடுங்களேன்" என்பாள் அவள்.

"இது மூடுபனி பாட்டுல்லா! இதுகூடத் தெரியலையா?"

யேசுதாஸ் பாடியதைத்தான் ஊர் உலகம் மூடுபனி பாட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அண்ணாச்சிக்கு அதெல்லாம் பேஸ் கிடாருக்கு மேலே போர்த்திய சால்வை.

சாத்தான்குளத்தைச் சுற்றி நாசரேத், முதலூர், மெஞ்ஞானபுரம், திசையன்விளை என்று எந்தப் பக்கம் போனாலும் இப்படி ஒருவர் அகப்படுவார். காரணம் இருக்கிறது. வேதக்கோயிலில் நாலு குரலில் பாடிப் பழகிய மண் இது. சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ். டானிக் சோல்ஃபா புத்தகத்தைக் கையில் விரித்துக்கொண்டு கடைசி வரிசைப் பெரியவர்கள் அடித்தொண்டையில் இழுப்பார்கள். சிறு வயதில் அந்த வரிசைக்கு முன்னால் நின்றவனுக்குச் சங்கீதம் காது வழியாக ஏறுவதற்கு முன்பே முதுகு வழியாக ஏறிவிடும்.

கொயருக்குக் கிடார் வந்த காலத்தில் லீட் கிடார் பாதிரி ஐயர் மகனுக்குப் போயிற்று. கீபோர்டு, டியூசன் போன பையனுக்கு. டிரம்ஸ், நன்கொடை கொடுத்தவர் பேரனுக்கு. மிச்சம் இருந்தது பேஸ். அண்ணாச்சி இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பீட்டில்ஸிலேயே அதுதான் நடந்தது. 1961-இல் ஸ்டூவர்ட் சட்கிளிஃப் விலகியபோது பேஸை எடுத்துக்கொள்ள வேறு யாருக்கும் மனசில்லை. பால் மெக்கார்ட்னி தலையில் கட்டினார்கள். "அதுக்கப்புறம் அவரு எங்க போனாரு, மத்தவங்க எங்க போனாங்க, பாத்தியளா?" என்று அண்ணாச்சி கேட்பார். ஜான் லென்னன் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லையே என்று நாம் சொல்லக்கூடாது.

சித்திரை தொடங்கி ஆவணி வரை கொடைக் காலம். செவ்வாய், வெள்ளி என்றால் ஏதாவது ஓர் ஊரில் அம்மனுக்கோ சுடலைக்கோ கொடை இருக்கும். கொடை என்றால் இன்னிசைக் கச்சேரி இருக்கும். அது முடிந்தால் குலசேகரப்பட்டினம் தசரா. டிசம்பர் பூராவும் கேரல் ரவுண்ட்ஸ். நடுவில் அசனப் பண்டிகை. சாமி விஷயத்தில் அண்ணாச்சிக்குப் பேதம் கிடையாது. எல்லாச் சாமிக்கும் ஈ, ஏ, டி, ஜி என்ற அதே நாலு கம்பிதான். வெள்ளி ராத்திரி வாசித்த குத்துப்பாட்டின் நடை ஞாயிறு காலைக் கீர்த்தனைக்குள் லேசாகத் தலைகாட்டும். ஐயர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். அவருடைய கால் கட்டைவிரல் மட்டும் அங்கிக்கு அடியில் ஆடும்.

கிடார் கல்கத்தாவில் செய்த கிவ்சன், இரண்டாம் கை. கிடாரைவிடக் கம்பிதான் தொல்லை. பேஸ் கம்பி ஒரு செட் வாங்குகிற காசுக்கு லீட் கிடாருக்குப் பல செட் வாங்கலாம். வியர்வையும் அழுக்கும் ஏறிக் கம்பி மந்தமானால் அண்ணாச்சி அதைக் கழற்றிச் சுருட்டி வெந்நீரில் வேகவைப்பார். இது பைத்தியக்காரத்தனம் இல்லை. உலகத்து ஏழை பேஸ்காரர்கள் அத்தனை பேரும் செய்கிற வைத்தியம்தான். சுற்றின இடுக்கில் உள்ள பிசுக்கு கழன்று, கம்பிக்குக் கொஞ்ச நாளைக்குப் புது நாக்கு முளைக்கும். ஆனால் அதை இட்லிக் கொப்பரையில் செய்தது தப்பு. அன்று வீட்டில் கேட்ட சத்தத்துக்கு ஆம்ப்ளிஃபயர் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு அண்ணாச்சி ஜேம்ஸ் ஜேமர்சன் கட்சிக்கு மாறினார். மோட்டவுன் பாட்டுகளுக்கெல்லாம் வாசித்த ஜேமர்சன், கம்பி அறுந்தால் ஒழிய மாற்றவே மாட்டாராம். ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசிப்பார். அந்த விரலுக்குக் கொக்கி என்று பட்டப்பெயர். "அழுக்குலதாம்வே சுநாதம் இருக்கு" என்று அண்ணாச்சி இப்போது சொல்கிறார்.

இனி, கிடார் ஒலியை மாற்றக் காலால் மிதிக்கிற பெடல். ஊரில் எத்தனையோ பேர் துபாயிலும் சவுதியிலும் இருக்கிறார்கள். மச்சான்மார் லீவில் வரும்போது மற்றவர்கள் செண்ட் பாட்டிலும் கோடாலித் தைலமும் எழுதி அனுப்புவார்கள். அண்ணாச்சியின் சீட்டில் "பாஸ், ஓ.சி.-2, பழுப்புக் கலர்" என்று இருக்கும். பாஸ் கம்பெனி இந்தச் சின்னப் பெடல்களை 1977-இல் இறக்கத் தொடங்கியது. ஆக்டேவ் பெடலான ஓ.சி.-2 வந்தது 1982-இல். கம்பெனிக்காரன் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் பூசியிருக்கிறான். ஓவர்டிரைவ் மஞ்சள், டிஸ்டார்ஷன் ஆரஞ்சு, கம்ப்ரெஸர் நீலம், ஆக்டேவ் பழுப்பு. வரிசையாக ஒரு பழைய சூட்கேஸுக்குள் பொருத்தி வைத்திருப்பதைப் பார்த்தால் அஞ்சறைப் பெட்டிதான்.

ஒவ்வொன்றின் வேலையையும் கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் அண்ணாச்சி விளக்குவார். கம்ப்ரெஸர், ஓங்கி அடித்ததை அமுக்கி, மெல்ல அடித்ததைத் தூக்கி எல்லாவற்றையும் ஒரு மட்டமாக்கும். கோரஸ், ஒலியை இரண்டாக்கி ஒன்றை மயிரிழை பிந்தவிட்டு, சுருதியையும் இம்மி அசைத்துச் சேர்க்கும். ஒருவர் வாசிப்பது இருவர் வாசிப்பதுபோல் இருக்கும். "அப்ப ரெண்டு சம்பளமா அண்ணாச்சி?" என்று பேடு வாசிக்கிற பையன் கேட்பான்.

பெடலுக்கு ஒன்பது வோல்ட் போதும். ஆனால் அதன் அடாப்டரில் நடுமுனை மைனஸாக இருக்க வேண்டும். கடைத்தெருவில் கிடைக்கிற அடாப்டரில் பெரும்பாலும் நடுமுனை பிளஸ். இந்த உண்மை அண்ணாச்சிக்குப் புகையாக வெளிப்பட்டது. அது முதல் பேட்டரிதான். சுவர்க் கடிகாரத்துக்கு செல் வாங்கக் காசில்லாத வீட்டில் பெடலுக்குப் பேட்டரி டஜனாக இருக்கும்.

இவ்வளவும் சேர்ந்து கொடை மேடையில் என்ன ஆகிறது என்பதுதான் கதை. பேஸ் கிடாரின் ஈ கம்பியைத் திறந்து அடித்தால் நொடிக்கு 41 அதிர்வு. ஊர் எல்லை வரை பனைமரம் பனைமரமாகக் கட்டியிருக்கிற குழாய் ஸ்பீக்கர் சில நூறு அதிர்வுக்குக் கீழே இறங்கவே இறங்காது. ஆகவே ஊர்க்காரர்களுக்குக் கேட்பது, அண்ணாச்சியின் விரல் கம்பியில் உரசுகிற 'டிக் டிக்' மட்டும். இதில் ஆக்டேவ் பெடலை வேறு மிதிப்பார். அது 41-ஐப் பாதியாக்கும். இருபதரை. மனிதக் காதின் அடிமட்டமே 20. கடன் வாங்கி, கடல் தாண்டி வரவழைத்த அந்த ஒலியை மேடையில் அவர் கால் மட்டும் உணரும். முகத்தில் ஒரு பரவசம் வரும் பாருங்கள்!

போதாக்குறைக்கு எர்த் சரியில்லாத மேடையில் மின்சார ஹம். நம் நாட்டு மின்சாரம் 50 அதிர்வு. பேஸில் கீழ் ஜி ஸ்வரம் 49. ஏறக்குறைய ஒன்றுதான். ஜி-யில் பாட்டு வந்தால் மின்வாரியமே கூட உட்கார்ந்து வாசிக்கும். வேறு சுருதியில் வந்தால் அண்ணாச்சி பாடகரிடம் போய், "தம்பி, இதையும் ஜி-லயே எடுத்துருவோமே" என்று குனிந்து கேட்பார். எஸ்.பி.பி. பாட்டை அந்தச் சுருதியில் எட்டிப் பிடிக்க முடியாமல் பாடகன் தவித்தது வேறு கதை.

மேடையைவிட்டு இறங்கினால் பேச்செல்லாம் மகான்களைப் பற்றி. சசி சார், கீத் சார் என்று பக்கத்து வீட்டுக்காரர்போல் சொல்வார். இளையராஜாவுக்கு வாசித்த சசிதரன், ரஹ்மானுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸ். கருப்பட்டிக் காபி ஆறிப்போகிற அளவுக்குச் சண்டை நடக்கும். ராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஸ்வரக் குறிப்பு எழுதிக் கையில் கொடுத்துவிடுபவர். பேஸுக்கென்று தனியாக இன்னொரு மெட்டே இருக்கும். எழுதினவருக்குப் புகழா, விரலில் கொண்டுவந்தவருக்குப் புகழா? இந்தக் கேள்வியில் இரண்டு பேர் பேச்சுவார்த்தையே இல்லாமல் போனதை நான் அறிவேன். கேசட் அட்டையில் தேடினால் ராஜா காலத்துப் பேஸ்காரர் பெயர் கிடைக்காது. ரஹ்மான்தான் வாசித்தவர்கள் பெயரை அட்டையில் அச்சடித்தார். ஜேமர்சனும் அப்படித்தான் பெயரில்லாமல் வாசித்துக்கொண்டே இருந்தார். 1971-இல் மார்வின் கே-யின் இசைத்தட்டில்தான் பெயர் வந்தது. அண்ணாச்சிக்கு இது தொண்டையில் நிற்கிற முள். கச்சேரி முடிவில் அறிவிப்பாளர் ஜெனரேட்டர் தம்பிக்கும் சீரியல் பல்புக்காரருக்கும் நன்றி சொல்லிவிட்டு மைக்கை அணைத்துவிடுவார்.

திசையன்விளைப் பக்கத்து அண்ணாச்சி ஒருவருக்கு ஜாக்கோ பாஸ்டோரியஸ் பித்து. ஜாக்கோ தன் பேஸிலிருந்து ஃபிரெட்டையெல்லாம் பிடுங்கி, பள்ளத்தை அடைத்து, படகுக்குப் பூசுகிற எபாக்சியைப் பூசியவர். இவரும் குறட்டால் பிடுங்கிவிட்டு, மணப்பாட்டில் ஃபைபர் படகு பழுது பார்க்கிறவரிடம் கிடாரைக் கொண்டுபோனார். "இது எந்தக் கடல்ல போவும் அண்ணாச்சி?" என்று கேட்டாராம் அவர். பூசியும் கொடுத்திருக்கிறார். கிடாருக்குள் இப்போது தண்ணீர் புகாது; சுருதியும் புகாது.

பேஸ்காரர்களுக்கு ஒரு வேத வாக்கியம் உண்டு: வாசிக்கும்போது தெரியாது, நிறுத்தினால்தான் தெரியும். ஒரு கொடையில் அதைச் சோதித்துப் பார்த்தார் அண்ணாச்சி. பாட்டின் நடுவே கையை எடுத்துவிட்டார். பாடகி பாடிக்கொண்டிருந்தாள். கீபோர்டுக்காரன் இடது கையால் பேஸையும் சேர்த்து வாசித்துக்கொண்டே போனான். கூட்டம் விசில் அடித்தது. ஒருவர் திரும்பவில்லை. அடுத்து ஏறவேண்டிய வில்லுப்பாட்டுக் குழு மேடை ஓரத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது. அதில் குடத்தின் வாயைப் பத்தியால் தட்டுகிற பெரியவர் மட்டும் எழுந்து வந்தார். "என்ன மக்கா, கம்பி அந்துட்டா?" என்றார். அன்றைக்கு அண்ணாச்சி தன் பேட்டாவில் பாதியை அவருக்குப் புரோட்டா வாங்கிக் கொடுத்தே தீர்த்தார்.

பேட்டா என்றதும் நினைவுக்கு வருகிறது. கொடை கமிட்டிப் பொருளாளர் ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டார்: "வரிப்பணம்லா அண்ணாச்சி. ஆறு கம்பிக்காரருக்கும் நாலு கம்பிக்காரருக்கும் ஒரே சம்பளம்னா எப்படி?" அண்ணாச்சி பதில் பேசவில்லை. அடுத்த வருசம் அஞ்சு கம்பி பேஸோடு வந்து இறங்கினார். புதுக் கம்பி பி. திறந்து அடித்தால் 31 அதிர்வு. ஆக்டேவ் பெடலை மிதித்தால் பதினைந்து சொச்சம். பொருளாளரை மேடைக்கே கூப்பிட்டு, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிறுத்தி, பெடலை மிதித்துக்கொண்டு அந்தக் கம்பியை ஓங்கி அடித்தார்.

பொருளாளர் காதைக் கொடுத்துக் கேட்டார். "ஒண்ணும் கேக்கலையே?"

"கேக்காது. 20-க்குக் கீழ மனுசக் காதுக்கு எட்டாது. யானைக்குத்தான் கேக்கும்."

"அப்ப சம்பளத்த யானைகிட்ட வாங்கிக்கிடும்."