அறுநூற்றார் இயல்

இணையச் செஸ்ஸில் அறுநூற்றார் எனப்படுவோர், 600 ரேட்டிங் உடையோர். ராணியைச் சிப்பாயின் வாயருகே வைத்துவிட்டு, இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று எதிராளி அஞ்ச வேண்டுமெனக் குலதெய்வத்தை வேண்டிக்கொள்வோர். இவர்தம் மனக்குறைகள் பல. தலையாயது ஒன்று: "என் உண்மையான ரேட்டிங் 900. இந்த 600 எனக்கு இழைக்கப்பட்ட அநீதி." இதில் நியாயம் எவ்வளவு என்று ஆராய்வதே இவ்வியலின் நோக்கம்.

முதலில், ரேட்டிங் என்பது மதிப்பெண் அன்று. ஆட்டத்தின் அழகுக்கோ, ஆடுபவரின் பட்டப்படிப்புக்கோ, யூடியூப்பில் சிசிலியன் டிஃபென்ஸ் பார்த்துக் கழித்த இரவுகளுக்கோ அதில் இடமில்லை. ஹங்கேரியில் பிறந்து, அமெரிக்காவின் மில்வாக்கியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர்பாட் எலோ வகுத்த முறை அது. அமெரிக்கச் செஸ் கூட்டமைப்பு 1960இலும் உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970இலும் அதை ஏற்றன. அது செய்வது முன்கணிப்பு மட்டுமே. இருவருக்கிடையே 200 புள்ளி வேறுபாடு இருந்தால் வலியவர் நூறு ஆட்டத்தில் சுமார் 76 புள்ளி எடுப்பார். 400 இருந்தால் 91. கணிப்பை மிஞ்சினால் எண் ஏறும், எட்டாவிட்டால் இறங்கும்.

இனி வாதியின் வழக்கு. இவர் மெய்யாகவே 900 எனின், 600 கூட்டத்தில் நூற்றுக்கு 85 எடுத்திருக்க வேண்டும். எடுப்பதோ 50. எதிரே வருவோரும் உள்ளபடி 900தான், அதனால்தான் இந்த 50 என்பார். எதிரே வருவோரைக் கேட்டால் அவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். எல்லோரும் 900 என்றே கொள்வோம். அப்படியானால் அந்தத் தளத்தில் 900க்கு வழங்கும் பெயர் 600. வழக்கு முடிந்தது. முடியவில்லை என்று வாதி மறுபடி எழுகிறார். இம்முறை அவர் பக்கம் கொஞ்சம் சரக்கு இருக்கிறது.

ஒவ்வொருவர் ஆட்டமும் அவரவர் சராசரியைச் சுற்றி ஏறியிறங்கும், அதன் திட்ட விலக்கம் எல்லோருக்கும் 200 என்று எலோ கொண்டார். தேர்ந்த ஆட்டக்காரர்களை மனத்தில் வைத்து எழுந்த கொள்கை அது. அறுநூற்றார் அவர் ஆய்வுக்கூடத்துக்கு வந்தவரல்லர். பன்னிரண்டு நகர்த்தல் பிழையின்றி ஆடிப் பதின்மூன்றாவதில் யானையைத் தானம் கொடுக்கும் மனிதருக்குச் சராசரி என ஒன்று உண்டா? காலைக் காபிக்குப் பின் இவர் 750. தொடர்ந்து தோற்ற ஆத்திரத்தில், நள்ளிரவு தாண்டி, 420. எண் நடுவே நிற்கிறது. அந்த எண்ணுக்குரிய ஆள் எந்நேரத்திலும் ஊரில் இல்லை.

மார்க் கிளிக்மன் 1995இல் வகுத்த கிளிக்கோ முறை, ரேட்டிங்கோடு அதைப் பற்றிய ஐயத்தின் அளவையும் கணக்கில் வைத்துக்கொள்கிறது. இணையத்தளங்களில் செஸ்.காம் கிளிக்கோவையும், லிசெஸ் அதன் அடுத்த வடிவமான கிளிக்கோ-2ஐயும் பின்பற்றுகின்றன. லிசெஸ்ஸில் புதியவர் எண் 1500. அது நிலைகொள்ளும்வரை பக்கத்தில் ஒரு கேள்விக்குறி நிற்கும். தான் வழங்கும் சான்றிதழிலேயே ஐயத்தை அச்சிடும் நிறுவனம் பிறிதொன்று நாமறியோம். கீழ்மட்டத்தில் ஒரே ஆளுக்குச் செஸ்.காமைவிட லிசெஸ்ஸில் சில நூறு புள்ளி கூடுதலாகக் காட்டுவது வழக்கம். பெண் வீட்டாரிடம் எதைச் சொல்வது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

செஸ்.காமிலோ புதியவர் தம் தகுதியைத் தாமே அறிவித்து நுழையலாம். தன்னடக்கமுள்ளவர் கீழே தொடங்கி, அறுநூற்றாரை வரிசையாக வீழ்த்திக்கொண்டே மேலே போகிறார். தன்னம்பிக்கையுள்ளவர் மேலே தொடங்கி, வழியெல்லாம் புள்ளியை வாரி வழங்கிக்கொண்டே கீழே வருகிறார். 600 என்பது இவ்விருவரும் எதிரெதிரே கடந்துபோகும் நாற்சந்தி. அங்கேயே குடியிருப்பவர் இன்றிரவு யாரிடம் மாட்டுவார் என்பது கணிப்புக்கு அப்பாற்பட்டது. கணினியைக் கேட்டுக் கேட்டு ஆடுவோரும் அவ்வழியே வருவதுண்டு. அவர்கள் பிடிபட்டால் இழந்த புள்ளி திரும்பக் கிடைக்கும். கெட்ட தூக்கத்துக்கு ஈடு பற்றி விதிகளில் குறிப்பில்லை.

அத்தளத்தில் 100க்குக் கீழே இறங்க முடியாது. அதை எய்தியவருக்குத் தோற்றாலும் இழப்பில்லை. அநீதி என்று அங்கிருந்து எவரும் முறையிட்டு நாம் கேட்டதில்லை.

மேசையில் நேருக்கு நேர் ஆடுவோரிடமும் புள்ளி அநியாயமாய்ப் பறிபோகும் குறை இருந்தது. வேகமாக வளரும் சிறுவர்கள் தாழ்ந்த ரேட்டிங்கோடு வந்து உட்கார்ந்து, பெரியவர்களின் புள்ளியை அள்ளிக்கொண்டு போயினர். ஃபிடே 2024 மார்ச்சில் ரேட்டிங்கின் கீழெல்லையை 1000இலிருந்து 1400க்கு உயர்த்தியது. கூடவே, 2000க்குக் கீழிருந்தோருக்கெல்லாம், 2000க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் 40 விழுக்காட்டைக் கொடையாக அளித்தது. 1000 வைத்திருந்தவர் ஒரு சிப்பாயையும் தொடாமல் 1400 ஆனார். 1500 வைத்திருந்தவருக்கு 200 கிடைத்தது. 1990 வைத்திருந்தவருக்குக் கிடைத்தவை 4 புள்ளி. அவருடைய மனக்குறை தனி இயலாக விரித்துரைக்கத் தக்கது.