கல்யாணப் பத்திரிகை கேட்காத சுரப்பி

கேள்வி: எனக்கு 21 வயது, கல்யாணமாகவில்லை. இரண்டு மார்பிலும் பால்போலக் கசிகிறது, மாதவிலக்கும் தள்ளிப்போகிறது. அம்மாவிடம் சொல்லப் பயம்.
– ஒரு வாசகி, மாமல்லபுரம்

பதில்: பயப்படாதே தங்கையே, இதில் உன் தப்பு எதுவுமில்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி, கல்யாணப் பத்திரிகை பார்த்துச் சுரப்பதில்லை. அது சுரக்கும் புரோலாக்டின் கூடினால் பிள்ளை பெறாதவளுக்கும் பால் கசியும், தீட்டும் தள்ளிப்போகும்.

நெஞ்செரிச்சலுக்கு மருந்துக்கடையில் நீயாகவே மாத்திரை வாங்குகிறாயா? அவற்றில் பலவற்றில் சேர்ந்திருக்கும் டோம்பெரிடோன் புரோலாக்டினை ஏற்றிவிடும். சில மனநல மருந்துகளும் அப்படித்தான்; ஆனால் அவற்றை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதே. தைராய்டு குறைவும் காரணமாகலாம். பிட்யூட்டரியில் சிறு கட்டி என்றாலும் அது அநேகமாகப் புற்றுநோயாக இருக்காது, பெரும்பாலும் கேபர்கோலின் மாத்திரையிலேயே சுருங்கும்.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. புரோலாக்டின், தைராய்டு ரத்தப் பரிசோதனைகளோடு கர்ப்பப் பரிசோதனையும் எழுதுவார்கள். அது வழக்கமான நடைமுறை, உன்மேல் சந்தேகமல்ல. அதுவரை பிதுக்கிப் பார்க்காதே, கசிவு கூடும். ரத்தம் கலந்தாலோ, ஒரு மார்பில் மட்டும் தானாகக் கசிந்தாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ, தலைவலியோடு பார்வை மங்கினாலோ நாளைக்கென்று தள்ளாதே.